கியர் பொக்ஸைக் கழற்றும் முன்: மலையகத்துப் பழைய காரின் கிளச்

கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் ஏ7 வீதி. மழை, பனிமூட்டம், முன்னால் கொழுந்து ஏற்றிய லொறி ஊர்ந்து போகிறது. அதற்குப் பின்னால் மாட்டிக்கொண்ட சின்னக் கார் முதல் கியரில் இரண்டடி நகரும், நிற்கும், மறுபடி இரண்டடி நகரும். ஓட்டுபவரின் இடது கால் பெடலை முழுதாக மிதிக்கவும் இல்லை, விடவும் இல்லை. அந்தப் பாதி மிதியில்தான், எஞ்சினின் சுழற்சியைக் கியர் பொக்ஸுக்குக் கொடுக்கும் கிளச் பிளேட், எஞ்சின் முனையில் சுழலும் கனத்த சக்கரமான பிளைவீலோடு உரசிச் சூடாகித் தேய்கிறது. சமதரையில் வண்டி எடுக்கும்போது அந்த உரசல் ஒரு விநாடிதான். ஏற்றத்தில், ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு, அதே வேலைக்கு மூன்று நான்கு விநாடி போகும். கொழும்பில் ஓடும் வண்டியின் கிளச் கணக்கை மலையகத்து வண்டிக்குப் போட முடியாததற்கு முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம் காற்று. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் சாதாரண எஞ்சினின் பலம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். மாருதி 800இன் 796 சி.சி. எஞ்சினுக்குக் கீழ்நாட்டில் இருப்பதே 37 குதிரைவலு. மேலே ஏறும்போது அது முப்பதுக்கு வந்துவிடும். கார்புரேட்டர் வண்டியென்றால் காற்றுக்குப் பெற்றோல் கூடிப்போய் இன்னும் மந்தமாகும். எஞ்சின் இழுக்காதபோது ஓட்டுபவர் என்ன செய்வார்? அக்சிலரேட்டரைக் கூட்டி, கிளச்சைப் பாதியில் பிடிப்பார். எஞ்சினின் குறையை பிளேட் சுமக்கிறது. அதனால் பிளக், எயார் ஃபில்டர், கார்புரேட்டர் டியூனிங் மூன்றும் சரியில்லாத வண்டியில் புதிய கிளச் போட்டாலும் அது நெடுநாள் நிற்காது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய சின்னக் கார்களை எப்படியாவது ஓட வைத்துக்கொள்ளும் பழக்கம் எல்லோருக்கும் வந்தது, நல்லதுதான். ஆனால் கிளச் விஷயத்தில் ஒரு பிழை இன்னும் நடந்துகொண்டே இருக்கிறது. "கிளச் போயிட்டு பாஸ்" என்று வண்டிக்காரர் சொல்லுவார், உடனே கியர் பொக்ஸ் தரைக்கு இறங்கும். அந்த ஒரு சொல்லுக்குள் வெவ்வேறான நான்கு கோளாறுகள் இருக்கின்றன. கிளச் வழுக்கலாம், முழுதாக விடாமல் இருக்கலாம், எடுக்கும்போது உதறலாம், சத்தம் போடலாம். நான்குக்கும் மருந்து வேறு வேறு. பாதிக்கு மேற்பட்ட நேரங்களில் பொக்ஸைத் தொடாமலே காரணத்தைக் கண்டுபிடிக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம். கீழே சொல்வதெல்லாம் கேபிள் கிளச் உள்ள, முன்சக்கரம் இழுக்கும் சின்னக் கார்களை மனதில் வைத்து. மாருதி 800ஐ உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

பெடலை அளந்து பாருங்கள்

முதல் கருவி ஒரு பள்ளிக்கூட அடிமட்டம். எஞ்சினை நிறுத்திவிட்டு, அடிமட்டத்தைப் பெடலுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பிடித்து, பெடலைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். காலால் வேண்டாம், காலுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. எதிர்ப்பு எதுவுமில்லாமல் கொஞ்ச தூரம் போய், பிறகு கெட்டியாக ஏதோ ஒன்றில் முட்டும். அந்தச் சும்மா போகும் தூரம்தான் பிளே. இவ்வகைக் கார்களில் பெடலில் 15 முதல் 25 மி.மீ. வரை இருந்தால் சரி. கியர் பொக்ஸ் பக்கம் கேபிள் இழுக்கும் ரிலீஸ் லீவரின் நுனியில் அளந்தால் 2 முதல் 4 மி.மீ. இருக்கும்.

இந்த எண்ணைவிட, அது எந்தப் பக்கம் மாறுகிறது என்பதுதான் அதிகம் பேசும். பிளேட்டின் இரு முகத்திலும் உள்ள உரசும் பட்டையான லைனிங் தேயத் தேய, அந்தப் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் பிளைவீலை நோக்கி நெருங்கும். அதன் டயஃபிராம் ஸ்பிரிங்கின் விரல்கள் அதற்கு எதிராக, பெடலை மிதித்ததும் அவற்றைத் தள்ளும் ரிலீஸ் பேரிங்கை நோக்கி வெளியே வரும். அதனால் பிளே குறைந்துகொண்டே வரும். கேபிள் இழுபட்டு நீண்டாலோ, அது உட்காரும் இடம் தேய்ந்தாலோ பிளே கூடிக்கொண்டே போகும். குறைந்தால் பிளேட், கூடினால் கேபிள். மாதம் ஒரு முறை அளந்து, பெற்றோல் கணக்கு எழுதும் கொப்பியின் ஓரத்தில் குறித்து வைத்தால், ஆறு மாதத்தில் உங்கள் கிளச்சின் கதை முழுவதும் அந்த ஓரத்தில் இருக்கும்.

பிளே ஒன்றுமே இல்லாமல் போனால் பேரிங் எந்நேரமும் விரல்களைத் தள்ளிக்கொண்டே இருக்கும். நீங்கள் காலை எடுத்த பின்னும் கிளச் கொஞ்சம் மிதிபட்ட நிலையில்தான் இருக்கிறது. ஏற்றத்தில் வழுக்கும், பேரிங்கும் சேர்ந்து போகும். "கிளச் ஸ்லிப்" என்று வரும் வண்டிகளில் முதலில் இதைப் பார்க்க வேண்டும். லீவர் பக்கம் கேபிள் நுனியிலுள்ள நட்டை இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்தி பிளேயைக் கொண்டுவந்து, ஏற்றத்தில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். வழுக்கல் நின்றால் வேலை முடிந்தது. ஆனால் நட்டின் மரை ஏற்கெனவே கடைசிக்கு வந்திருந்தால், பிளேட்டும் கடைசிக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேபிள்

கேபிளைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மலையில் ஆளை நடுவழியில் நிறுத்துவது பெரும்பாலும் அதுதான். பெடலின் மேல்நுனியில் அது கொக்கியில் மாட்டும் இடத்தை டோர்ச் அடித்துப் பாருங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை நுழைத்து, மல்லாந்து படுத்துத்தான் பார்க்க முடியும், வேறு வழியில்லை. நல்ல கேபிளில் இழைகள் ஒன்றோடொன்று முறுக்கி இறுகியிருக்கும். போகப்போகிற கேபிளில் ஒரு இழை, இரண்டு இழை வெடித்து, ஈர்க்குமாற்று நுனி மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். விரலால் தடவினால் குத்தும். ஒரு இழை வெடித்தாலும் அந்தக் கேபிளை மாற்றுங்கள். மீதி இழைகள் அந்தப் பாரத்தையும் சுமப்பதால் அடுத்தடுத்த இழைகள் சீக்கிரம் போகும்.

பெடல் கனமாக இருக்கிறதா? கேபிளை லீவரிலிருந்து கழற்றிவிட்டு, உள்கம்பியை மட்டும் கையால் இழுத்துத் தள்ளிப் பாருங்கள். எண்ணெய் விட்ட தாழ்ப்பாள் மாதிரி வழுக்கிக்கொண்டு போக வேண்டும். எங்காவது பிடித்தால், உறைக்குள் துரு அல்லது வளைவில் உறை நசிந்திருக்கிறது. உள்ளே நைலோன் குழாய் வைத்த கேபிளுக்குக் கிரீஸ் ஊற்றாதீர்கள், புழுதியைச் சேர்த்து இறுக வைக்கும். பழைய வகை வெறும் கம்பிக் கேபிளென்றால், நிமிர்த்திப் பிடித்து எஞ்சின் ஒயில் பத்துச் சொட்டு விட்டு, அது கீழ்நுனியில் வழியும்வரை ஆட்டலாம். கேபிள் சுலபமாக ஓடியும் பெடல் கனமென்றால் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் போர்க்கின் தண்டு புஷ்ஷில் காய்ந்து பிடிக்கிறது, அல்லது பிளேட் நன்றாகத் தேய்ந்து டயஃபிராம் விறைத்துவிட்டது.

புதிய கேபிள் போட்டும் மாதக்கணக்கிலேயே இறுகிப்போனால் பலர் கேபிள் கம்பெனியைத் திட்டுவார்கள். எஞ்சினுக்கும் பொடிக்கும் (வண்டியின் உடலுக்கும்) இடையிலான எர்த் வயரைப் பாருங்கள். அது அறுந்தோ, முனையில் பச்சைபூத்தோ இருந்தால், ஸ்டார்ட்டர் இழுக்கும் பெரிய கரண்ட் திரும்பிப் போக வேறு வழி தேடும். கிளச் கேபிள், அக்சிலரேட்டர் கேபிள் இரண்டும் எஞ்சினையும் பொடியையும் இணைக்கும் இரும்புக் கம்பிகள். கரண்ட் அவற்றின் வழியே போய், உள்ளே சுட்டு, நைலோனை உருக்கிவிடும். ஸ்டார்ட் அடித்தவுடன் கேபிள் முனையைத் தொட்டுச் சூடு தெரிந்தால் குற்றவாளி எர்த்தான்.

இன்னுமொன்று. தம்பி ஒருவரைப் பெடலை மிதித்து விடச் சொல்லிவிட்டு, பொனட்டைத் திறந்து, கேபிள் உறை எஞ்சின் அறைச் சுவரில் உட்காரும் இடத்தைப் பாருங்கள். அந்தத் தகடு கேபிளோடு சேர்ந்து முன்னும் பின்னும் வளைகிறதா? ஈரமும் துருவும் உள்ள இந்தப் பகுதிப் பழைய வண்டிகளில் அந்தத் தகடு வெடித்திருக்கும். பெடல் போகும் தூரத்தில் பாதியை அந்த வளைவு தின்றுவிட்டால் கிளச் எப்படி முழுதாக விடும்? வெல்டிங் அடித்து ஒரு தகடு வைத்தால் சரியாகும். இதற்காகக் கியர் பொக்ஸை இறக்கியவர்களும் இருக்கிறார்கள்.

வழுக்கல்

பிளே சரி, கேபிள் சரி, ஆனாலும் ஏற்றத்தில் எஞ்சின் இரைகிறது, வேகம் வரவில்லை. உறுதிப்படுத்த, மிதமான ஏற்றத்தில் மணிக்கு 40 கி.மீ. அளவில் டொப் கியரில் போட்டு அக்சிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். நல்ல கிளச்சில் எஞ்சின் முக்கும், வேகம் மெல்ல ஏறும். வழுக்கும் கிளச்சில் எஞ்சின் சத்தம் மட்டும் தனியாக எகிறும். மாருதி 800இல் ஆர்.பி.எம். மீட்டர் கிடையாது, காதுதான் மீட்டர். நின்றபடி சோதிப்பதென்றால் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாம் கியரில் போட்டு, சற்றே அக்சிலரேட்டர் கொடுத்து, கிளச்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் உடனே நின்றுபோக வேண்டும். நிற்காமல் ஓடினால் பிளேட் பிடிக்கவில்லை. இதை ஒரு தடவைதான் செய்ய வேண்டும், ஒவ்வொரு தடவையும் பிளேட்டைச் சுடுகிறது.

கருகிய வாடையை வைத்துக் கிளச் என்று முடிவெடுப்பவர்கள் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: ஏறும்போதா, இறங்கும்போதா? நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகப் புசல்லாவைக்கு இறங்கி வந்த பிறகு வரும் வாடை பெரும்பாலும் பிரேக். இரண்டும் ஒரே மாதிரி லைனிங் என்பதால் மூக்கு ஏமாறும். புறங்கையை நான்கு சக்கரங்களுக்கும் அருகே கொண்டுபோங்கள். ஒரு சக்கரம் மட்டும் மற்றதைவிட அனலடித்தால் அங்கே பிரேக் விடாமல் பிடிக்கிறது. அந்தப் பிடிதான் ஏற்றத்தில் வண்டியை இழுத்து, கிளச் குற்றம் மாதிரி காட்டும்.

அடுத்தது ஒயில். எஞ்சினும் கியர் பொக்ஸும் சேரும் இடத்தின் அடியில் சொட்டு இருக்கிறதா பாருங்கள். விரலில் எடுத்துத் தேய்த்து முகருங்கள். கறுப்பாக, மெல்லியதாக இருந்தால் எஞ்சின் ஒயில், கிராங்கின் பின் சீல் போயிருக்கிறது. மங்கிய தேன் நிறத்தில், கெட்டியாக, கந்தக நாற்றத்தோடு இருந்தால் கியர் ஒயில், பொக்ஸிலிருந்து கிளச்சுக்கு நீளும் தண்டான இன்புட் ஷாஃப்டின் சீல் போயிருக்கிறது. ஒயில் குடித்த பிளேட்டைப் பெற்றோலால் கழுவி, உப்புத்தாளில் தேய்த்துத் திரும்பப் போடுவது வீண் வேலை. சூடேறியதும் லைனிங்குக்குள் ஊறிய ஒயில் மறுபடி வெளியே வரும். சீலை மாற்றாமல் பிளேட்டை மட்டும் மாற்றுவதும் அதே மாதிரிதான்.

கியர் விழவில்லை என்றால்

இது வழுக்கலுக்கு நேர் எதிர். பெடலை அடிவரை மிதித்தும் பிளேட் முழுதாக விடுபடவில்லை. சோதனை சுலபம்: எஞ்சின் ஓட, பெடலை அடிவரை மிதித்துப் பத்து விநாடி பொறுங்கள். பிறகு ரிவேர்ஸில் போடுங்கள். கியர் அரைக்காமல் சேர வேகத்தை ஒத்துப்போக வைக்கும் சின்க்ரோ வளையம் ரிவேர்ஸுக்கு இல்லாத வண்டிகளில் இதைவிட நல்ல சாட்சி கிடையாது. சத்தமில்லாமல் விழுந்தால் கிளச் நன்றாக விடுகிறது. அரைத்துக்கொண்டு விழுந்தால் விடவில்லை. ரிவேர்ஸ் சத்தமில்லாமல் விழுந்து, ஓடும்போது மட்டும் இரண்டாம் கியர் அரைத்தால் அது பொக்ஸின் சின்க்ரோ, கிளச்சை விட்டுவிடுங்கள்.

காரணங்களில் பாதியை மேலே கேபிளில் சொல்லிவிட்டேன். மலையகத்துக்கே உரிய ஒன்று மீதி. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மூன்று நான்கு வாரம் ஓட்டாமல் நிறுத்திய வண்டியில், பிளைவீலின் முகத்தில் துருப் படிந்து பிளேட் அதோடு ஒட்டிக்கொள்ளும். பெடல் சாதாரணமாக இருக்கும், கியர் மட்டும் விழவே விழாது. பொக்ஸைக் கழற்றுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்: எஞ்சினை இருபது நிமிடம் ஓட்டிச் சூடாக்கி நிறுத்துங்கள். முன்னால் ஆளோ சுவரோ பள்ளமோ இல்லாத சமதரையில் வண்டியை வைத்து, இரண்டாம் கியரில் போட்டு, கிளச்சை அடிவரை மிதித்தபடி ஸ்டார்ட் அடியுங்கள். வண்டி துள்ளி ஓடத் தொடங்கும். கிளச்சிலிருந்து காலை எடுக்காமல், அக்சிலரேட்டரைச் சட்டென்று கொடுத்து விட்டு, பிரேக்கை விட்டு விட்டுத் தட்டுங்கள். பெரும்பாலும் "டக்" என்று பிரிந்துவிடும். சரிவில் இதைச் செய்யவே கூடாது.

ஹைட்ரோலிக் கிளச் உள்ள வண்டிகளில், பழைய மினி மாதிரி, கேபிளுக்குப் பதில் மாஸ்டர் சிலிண்டரும் ஸ்லேவ் சிலிண்டரும் இருக்கும். பெடலை இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்ததும் கியர் விழுந்தால் உள்ளே காற்று, அல்லது மாஸ்டரின் ரப்பர் வொஷர் தேய்வு. ஸ்லேவின் தூசுக் குல்லாயை விரித்துப் பாருங்கள், ஈரமிருந்தால் அது ஒழுகுகிறது. இந்தக் கிளச்சிலும் இருப்பது பிரேக் ஒயில்தான், அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சாமான். பனியும் மழையுமான ஊரில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுவதும் மாற்றுங்கள்.

உதறல், சத்தம்

வண்டி எடுக்கும்போது முன்பக்கம் தடதடவென்று உதறினால் முதலில் எஞ்சின் மவுண்ட். பொனட்டைத் திறந்து, ஹேண்ட் பிரேக் போட்டு, ஒருவர் முதல் கியரிலும் பிறகு ரிவேர்ஸிலும் கிளச்சைப் பிடிக்கும் இடம்வரை மட்டும் விட்டு மிதிக்கட்டும். பார்ப்பவர் வண்டிக்கு முன்னால் நிற்காமல் பக்கத்தில் நிற்க வேண்டும். எஞ்சின் ஓர் அங்குலத்துக்கு மேல் குதித்தால் ரப்பர் வெடித்திருக்கிறது. மவுண்ட் நல்லதென்றால் பிளேட்டில் ஒயில் அல்லது பிளைவீலில் சூட்டுப் புள்ளிகள். குளிர்ந்த காலையில் முதல் இரண்டு மூன்று முறை மட்டும் உதறிவிட்டு நின்றுவிடுவதைக் கோளாறாக எடுக்க வேண்டாம், இரவு ஈரத்தில் வந்த மெல்லிய துரு அது.

சத்தத்தைப் பெடலோடு சேர்த்துக் கேளுங்கள். பெடலை மிதிக்க ஆரம்பித்ததும் வந்து, விட்டதும் நின்றால் ரிலீஸ் பேரிங். மிதிக்காதபோது இருந்து, மிதித்ததும் நின்றால் கியர் பொக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங்.

பொக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால்

முதலில் இடம். லயத்து வாசலும் பங்களா ரோட்டும் சரிவாகவே இருக்கும். சரிவில் ஜாக்கி போட்டு அடியில் படுக்காதீர்கள். கெட்டியான சமதரை கிடைக்கும்வரை வண்டியை நகர்த்துங்கள். பின்சக்கரங்களுக்குக் கட்டை, முன்பக்கம் இரண்டு ஸ்டேண்ட். ஈர மண்ணென்றால் ஸ்டேண்டுக்கு அடியில் தடித்த பலகை.

பெட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றி, கியர் ஒயிலை வடித்து, கிளச் கேபிள், ஸ்பீடோ கேபிள், ரிவேர்ஸ் லைட் வயர், எர்த், ஸ்டார்ட்டர், கியர் ரொட் எல்லாவற்றையும் பிரித்துவிடுங்கள். இரண்டு டிரைவ் ஷாஃப்டையும் பொக்ஸிலிருந்து நெம்பி எடுக்கும்போது சீலின் உதட்டைக் கிழிக்காமல் பாருங்கள். எஞ்சினைச் சம்பிற்கு அடியில் மரக்கட்டை வைத்த ஜாக்கியால் தாங்கியபின்தான் பொக்ஸ் மவுண்டைக் கழற்ற வேண்டும். பொக்ஸ் எஞ்சினை விட்டு நேராக விலகி வர வேண்டும். அதன் பாரம் முழுவதும் இன்புட் ஷாஃப்டில் தொங்கினால் பிளேட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும். புதிய கிளச் போட்டபின் கியர் விழாமல் இருக்கும் வண்டிகள் பல இந்த ஒரு நிமிடக் கவனக்குறைவில்தான் கெட்டவை.

பிரஷர் பிளேட்டின் ஆறு போல்ட்டையும் குறுக்குக் குறுக்காக, தடவைக்கு அரைச் சுற்றாகத் தளர்த்துங்கள். வெளியே வந்த பிளேட்டில் ரிவெட் தலைக்கு மேல் லைனிங் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். 0.5 மி.மீ.க்குக் குறைந்தால் முடிந்தது. நடுவிலுள்ள சுருள் ஸ்பிரிங்குகளைக் கட்டை விரலால் திருகிப் பாருங்கள், ஆடினால் லைனிங் மிச்சமிருந்தாலும் அந்தப் பிளேட் வேண்டாம். டயஃபிராம் விரல்களின் நுனியில் பேரிங் உரசிய இடம் கண்ணாடி மாதிரி மின்னும். அங்கே குழி விழுந்திருந்தாலோ, ஒரு விரல் மற்றதைவிடத் தாழ்ந்திருந்தாலோ பிரஷர் பிளேட்டும் போக வேண்டியதுதான்.

பிளைவீலை நன்றாக வெளிச்சத்தில் பாருங்கள். மலையில் உழைத்த பிளைவீலின் முகத்தில், எண்ணெய் பட்ட தண்ணீரில் தெரிவது போல நீலமும் ஊதாவுமாகப் புள்ளிகள் இருக்கும். சுற்றிலும் மயிரிழை போல நுண்ணிய வெடிப்புகள். அந்தப் புள்ளிகள் சூட்டில் கடினமாகிப் போன இரும்பு. உப்புத்தாளில் தேய்த்தால் நிறம் மட்டும் போகும், கடினம் போகாது. லேத்தில் கொடுத்து முகத்தை மெல்லியதாக ஓர் ஓட்டு ஓட்டி எடுக்க வேண்டும். வெடிப்பு நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு ஆழமென்றால் பிளைவீலை மாற்றுங்கள், அது உடைந்தால் சிதறும்.

பொக்ஸ் தரையில் கிடக்கும் இந்த நேரத்தில் கிராங்கின் பின் சீல், இன்புட் ஷாஃப்ட் சீல், போர்க் புஷ், ரிலீஸ் பேரிங், கேபிள் ஐந்தையும் மாற்றிவிடுங்கள்.  ஐம்பது ரூபாய் மிச்சம் பிடித்து அடுத்த வருடம் மறுபடி இறக்குவது யாருக்கும் நல்லதல்ல.

சாமான் வாங்கக் கொழும்பில் வாகனச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு யாரையாவது அனுப்பினாலும், உள்ளூர்க் கடையில் வாங்கினாலும், பழைய பிளேட்டைக் கையோடு கொடுத்துவிடுங்கள். பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல், விட்டத்தையும், நடுத்துளையின் பல் எண்ணிக்கையையும், ஸ்பிரிங் பகுதியின் உயரத்தையும் பழையதோடு ஒட்டிவைத்துப் பார்க்க வேண்டும். எக்செடி, வலியோ போன்ற கிளச் கம்பெனிகளின் பெயர்களில் போலிப் பெட்டிகளும் சுற்றுகின்றன. அச்சு மங்கலாகவோ, ரிவெட்டுகள் ஒழுங்கில்லாமலோ இருந்தால் திருப்பிக் கொடுங்கள். பழைய தகட்டில் புது லைனிங் அடித்துத் தருவார்கள், விலையும் குறைவு. மலைக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். இரண்டு லைனிங்குக்கும் நடுவில் அலைபோல வளைந்த மெல்லிய தகடு ஒன்று இருக்கிறது, மெதுவாகப் பிடிக்க வைப்பது அதுதான். பழைய பிளேட்டில் அது சூட்டில் தட்டையாகியிருக்கும். லைனிங் புதிதானாலும் பிடி திடீரென்று வரும், ஏற்றத்தில் உதறும்.

பூட்டும்போது நடக்கும் பிழைகளில் மூன்று திரும்பத் திரும்ப வருபவை. புதிய பிரஷர் பிளேட்டின் முகத்தில் துருப் பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெயைத் துடைக்காமல் போடுவது முதலாவது. சுத்தத் துணியில் தின்னர் தொட்டு, துணி வெள்ளையாகவே வரும்வரை துடையுங்கள், பிளைவீலையும் அப்படியே. பிளேட்டைத் தலைகீழாகப் போடுவது இரண்டாவது. ஸ்பிரிங் புடைத்த பக்கம் கியர் பொக்ஸைப் பார்க்க வேண்டும். மூன்றாவது, இன்புட் ஷாஃப்டின் பற்களில் கிரீஸை அப்புவது. பயறளவு கிரீஸ் போதும். பூசி, பிளேட்டை ஒரு தடவை ஷாஃப்டில் ஓட்டி எடுத்து, பிதுங்கியதைத் துடைத்துவிடுங்கள்.

பிளேட்டை நடுவில் நிறுத்த அதற்கான ஊசி இல்லையென்றால், பழைய இன்புட் ஷாஃப்ட் ஒன்று கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் டேப் சுற்றிய உருண்டைக் கட்டையும் வேலை செய்யும். ஆறு போல்ட்டையும் குறுக்குக் குறுக்காகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். பொக்ஸ் கையால் தள்ளியே கடைசிவரை போய்ச் சேர வேண்டும். ஒரு விரல் இடைவெளியில் நின்றுவிட்டால் போல்ட்டைப் போட்டு இழுக்காதீர்கள், பிளேட் நடுவில் இல்லை என்று அர்த்தம், திரும்ப எடுத்துப் பாருங்கள். கடைசியாகக் கியர் ஒயில், 75டபிள்யூ-90, நிரப்பும் துளையின் விளிம்பில் வழியும்வரை. இதை மறந்துவிட்டு ஓட்டினால் அன்றைக்கே பொக்ஸ் போய்விடும். அதனால் பொக்ஸை ஏற்றியதும் வேறு வேலைக்குப் போகாமல் முதலில் ஒயிலை ஊற்றிவிடுங்கள்.

வழியில் கேபிள் அறுந்தால்

காரில் ஒரு புதிய கேபிள், 10, 12 ஸ்பனர், பிளையர், டோர்ச் இருக்கட்டும். பழகிய கைக்கு அரை மணி நேர வேலை. சக்கரத்துக்குக் கல் வையுங்கள். புறப்படும்போது அந்தக் கல்லை எடுத்து வீதி ஓரத்துக்குப் போட்டுவிடுங்கள், பனிமூட்டத்தில் அடுத்து வரும் மோட்டார் சைக்கிளுக்கு அது எமன்.

கேபிள் இல்லையென்றால், சமதரையில் முதல் கியரில் போட்டு ஸ்டார்ட்டராலேயே வண்டியை நகர்த்தி, மெதுவாக அதே கியரில் அருகிலுள்ள பாதுகாப்பான இடம்வரை போகலாம். நிற்க வேண்டுமென்றால் எஞ்சினை நிறுத்த வேண்டும். நகருக்குள்ளோ, வளைந்து இறங்கும் வீதியிலோ இதைச் செய்ய வேண்டாம். ஓரமாக நிறுத்திவிட்டு ஆளை அனுப்பிக் கேபிளை வரவழையுங்கள்.

ஹேண்ட் பிரேக்

கிளச் பற்றி எழுதும்போது இதை ஏன் எழுதுகிறேன் என்று தோன்றலாம். ஹேண்ட் பிரேக் பிடிக்காத காரில் ஓட்டுபவர் ஏற்றத்தில் வண்டியைப் பின்னால் போகாமல் நிறுத்தக் கிளச்சைத்தான் பயன்படுத்துவார், அவருக்கு வேறு வழியில்லை. ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியா நகருக்குள்ளும், டிசம்பரிலிருந்து மே வரை சிவனொளிபாதமலைக்குப் போகும் மஸ்கெலியா வீதியிலும் நிற்கும் வரிசையில் ஒரு மணி நேரம் அப்படி நின்றால், பல மாதத் தேய்மானம் ஒரே நாளில் நடந்துவிடும். ஆகவே கிளச் மாற்றிய அன்றே பின்சக்கர டிரம்மைத் திறந்து பிரேக் சூவை சரிசெய்து, பிறகு கேபிளை இறுக்கி, ஐந்தாறு பல்லுக்குள் ஏற்றத்தில் வண்டி நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுப் பாதை ஏற்றமாக இருந்தால் முன்பக்கமாக ஏறி, மேலே திருப்புங்கள். ரிவேர்ஸில் ஏற்றம் ஏறுவதுதான் பிளேட்டை அதிகம் எரிக்கும். வேகம் எடுக்க இடமில்லாததால் முழுத் தூரத்தையும் பாதிக் கிளச்சில்தான் ஏறுவீர்கள். வாடை வந்துவிட்டால் அரை மணி நேரம் நிறுத்தி ஆறவிடுங்கள். இறக்கத்தில் கியரில் போட்டு, கிளச்சிலிருந்து காலை முழுதாக எடுத்துவிடுங்கள். எஞ்சின் பிடித்து இறக்குவதால் கிளச் தேயாது, மிதித்துக்கொண்டே இறங்கினால்தான் பேரிங் தேயும், பிரேக்கும் சூடேறும்.

புதிய பிளேட்டை முதல் 500 கி.மீ. வரை பாரமேற்றி ஏற்றத்தில் விரட்டாமல் ஓட்டுங்கள். அந்தத் தூரத்தில் லைனிங் முகம் பிளைவீலோடு ஒத்துப்போய்ப் படியும், கேபிளும் சிறிது இழுபடும். பிறகு அடிமட்டத்தை எடுத்துப் பிளேயை மறுபடி அளந்து, 15க்கும் 25க்கும் இடையில் நட்டைத் திருகி வைத்து, கொப்பியில் புதிய பக்கத்தில் முதல் எண்ணாகக் குறித்துக்கொள்ளுங்கள்.